பூர்வகுடி யார் என்பதை யார் முடிவு செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூர்வகுடி உரிமை பற்றிப் பேச்சு எடுத்தாலே கொஞ்ச நேரத்தில் அதே பத்துப் பன்னிரண்டு சந்தேகங்கள் வந்து நிற்கும். சிலது உண்மையான சந்தேகம், சிலது மடக்குவதற்காகக் கேட்பது, இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் பிரிக்கவில்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எளியதிலிருந்து சிக்கலானதற்குப் போகும், அதனால் மேலிருந்து படித்தால் நல்லது.

பூர்வகுடின்னா யாரு? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு நிலத்தில் வெளியார் வந்து குடியேறுவதற்கு முன்பே, அல்லது இப்போதைய அரசு உருவாவதற்கு முன்பே, தனிச் சமூகமாக வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள், இன்று அந்த அரசுக்குள் ஆதிக்கம் இல்லாத தரப்பாக இருப்பவர்கள், அப்படி இருந்தும் தனிச் சமூகமாகவே தொடர விரும்புகிறவர்கள். ஆஸ்திரேலியாவின் அபாரிஜினல் மக்கள், நியூசிலாந்தின் மாவோரிகள், வட ஐரோப்பாவின் சாமி, ஜப்பானின் ஐனு, கென்யாவின் ஓகியெக் என்று உதாரணம் நிறைய இருக்கிறது.

'முன்பே வாழ்ந்தவர்கள்' என்பதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். 'ஆதிக்கம் இல்லாத தரப்பு' என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பாதிக் குழப்பம் அதை விட்டுவிடுவதால் வருவதுதான்.

ஐ.நா.வே ஒரு வரையறை குடுத்திருக்குமே, அதைப் பாத்தா போதாதா?

கொடுக்கவில்லை. 2007 செப்டம்பர் 13 அன்று பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. ஆதரவு 144, எதிர்ப்பு 4, நடுநிலை 11. அந்த நான்கு நாடுகள் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. குடியேறிகள் உருவாக்கிய நாடுகள் நான்குமே எதிர்த்தது தற்செயல் இல்லை, பிறகு நான்கும் நிலையை மாற்றிக்கொண்டன. இந்தப் பிரகடனத்தில் பூர்வகுடி என்றால் யார் என்ற வரையறை எங்கேயும் கிடையாது. தங்கள் அடையாளத்தையும் தங்களில் யார் சேர்த்தி என்பதையும் தங்கள் வழக்கப்படி முடிவு செய்யும் உரிமை அந்த மக்களுக்கே உண்டு என்று 33-ஆவது பிரிவு சொல்கிறது.

வேண்டுமென்றேதான் வரையறையை விட்டார்கள். பேச்சுவார்த்தையில் பூர்வகுடிப் பிரதிநிதிகளே அதை எதிர்த்தார்கள், ஏனென்றால் ஒரு வரையறை எழுதப்பட்டால் அதை வைத்து யாரை வெளியே தள்ளலாம் என்றுதான் அரசுகள் பார்க்கும் என்பது அவர்கள் அனுபவம். மேலே முதல் பதிலில் நான் சொன்னது, ஹோசே மார்ட்டினெஸ் கோபோ 1970-களில் தொடங்கி 1980-களில் முடித்த ஐ.நா. ஆய்வு முன்வைத்த அம்சங்களின் சுருக்கம். பரவலாகப் பயன்படுகிறது, ஆனால் சட்டம் இல்லை. சட்டம் என்று பார்த்தால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1989-ஆம் ஆண்டின் 169-ஆவது ஒப்பந்தம் இருக்கிறது, அது சுய அடையாளத்தை அடிப்படை அளவுகோல் என்கிறது. ஆனால் அதை ஏற்றவை 24 நாடுகள்தான். ஆசியாவில் நேபாளம் மட்டும்.

எல்லாருமே ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வந்தவங்கதானே? எவ்வளவு பின்னாடி போறது?

இது மடக்குவதற்காகக் கேட்கப்படும் கேள்விகளில் முதலிடம். பதில் சுலபம்: யார் முதலில் கால் வைத்தது என்பது இங்கே பந்தயமே இல்லை. மாவோரிகள் நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தது சுமார் 13-ஆம் நூற்றாண்டில், அதாவது ஐரோப்பாவில் பல தேவாலயங்கள் கட்டி முடிக்கப்பட்ட பிறகு. அவர்களைப் பூர்வகுடி ஆக்குவது வந்த தேதி இல்லை. 1840-க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு வந்து அவர்கள் நிலத்தின் மேலும் சட்டத்தின் மேலும் உட்கார்ந்தது, அந்த உறவுதான் ஆக்குகிறது. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான வருடமாக ஒரே இடத்தில் இருக்கும் மக்கள் உண்டு, அவர்களை யாரும் பூர்வகுடி என்று சொல்வதில்லை, ஏனென்றால் அரசே அவர்களுடையது.

இந்தியா 'எங்க நாட்டுல எல்லாருமே பூர்வகுடிதான்'னு சொல்லுதே, அதுவும் சரிதானே?

இந்தியா மட்டும் இல்லை, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல அரசுகள் இதைச் சொல்கின்றன. வாதம் இப்படிப் போகும்: பூர்வகுடிப் பிரச்சினை என்பது ஐரோப்பியர்கள் கடல் கடந்து வந்து குடியேறித் தங்கிவிட்ட நாடுகளின் பிரச்சினை, எங்களிடம் வந்த வெள்ளைக்காரன் திரும்பிப் போய்விட்டான், மிச்சம் இருக்கும் எல்லோரும் இந்த மண்ணின் மக்கள்தான். இந்தியா 2007 பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தபோதும் இதே விளக்கத்துடன்தான் வாக்களித்தது. வங்கதேசம் இன்னும் ஒரு படி மேலே போய், 2011-இல் 15-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் சிட்டகாங் மலைப்பகுதி மக்கள் போன்றவர்களைப் 'பழங்குடிகள், சிறு இனங்கள்' என்ற வகையில் குறிப்பிட்டு, பூர்வகுடி என்ற அங்கீகாரத்தைத் தவிர்த்தது.

கேட்க நியாயமாகத் தெரிந்தாலும், எல்லோரும் பூர்வகுடி என்றால் நடைமுறையில் யாருமே இல்லை என்றுதான் ஆகிறது. ஒரு மலைச் சமூகம் தன் காட்டில் சுரங்கம் வேண்டாம் என்று சொல்லும்போது, சுரங்கம் வேண்டும் என்கிற தலைநகரத்துக்காரரும் அதே அளவுக்குப் பூர்வகுடி என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆப்பிரிக்காவில் இந்த வாதத்தை ஆப்பிரிக்க அமைப்புகளே உடைத்தன: கென்யாவின் எண்டொரோயிஸ் மக்களுக்கு ஆதரவாக ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் முடிவு 2010-இல் வெளியானது, ஓகியெக் மக்களுக்கு ஆதரவாக ஆப்பிரிக்க நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இரண்டிலும் எதிர்த்தரப்பு ஒரு கறுப்பின அரசுதான்.

அப்போ பெரும்பான்மை மக்கள் 'நாங்கதான் மண்ணின் மைந்தர்கள்'னு சொன்னா அதுவும் பூர்வகுடி உரிமைதானா?

இல்லை. இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மொழியை ஆதிக்கத் தரப்புகள் இரவல் வாங்குவது அதிகமாகிவருகிறது. மலேசியாவைப் பாருங்கள். அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் பூர்வீக மக்களுக்கும் சிறப்பு நிலை தருகிறது. தீபகற்பத்தின் மிகப் பழைய குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் அந்தப் பிரிவில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

இலங்கையில் யார் முதலில் வந்தது என்று பெரிய சமூகங்கள் பல தலைமுறையாக வாதாடுகின்றன. அந்த வாதத்தில் தீவின் பூர்வகுடிகளான வேடர்கள் அநேகமாக வருவதே இல்லை. ஒரு தேசிய இனத்துக்கு உரிமைப் பிரச்சினை இருக்கலாம், அது நியாயமாகவும் இருக்கலாம், ஆனால் அது தனி வழக்கு.

அமெரிக்காவுல ரத்தத்தை அளந்து சொல்றாங்களாமே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் ஊசி போட்டு அளப்பதில்லை, காகிதத்தில்தான். 1887-இன் டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாகப் பிரித்தது. பிரிக்க வேண்டுமென்றால் பட்டியல் வேண்டும், பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முழு, அரை, கால் என்று ரத்தப் பங்கு எழுதினார்கள், பல இடங்களில் முகத்தைப் பார்த்தே. பங்கு குறைந்தவர் 'விவரமானவர்' என்று கருதப்பட்டு நிலத்தை விற்க அனுமதிக்கப்பட்டார், வாங்க ஆள் தயாராக இருந்தார்கள். 1887-இல் சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்கள் நிலம் 1934-இல் சுமார் 4.8 கோடி ஏக்கரானது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அதே நாட்டில் கறுப்பினத்தவருக்கு ஒரு சொட்டு ரத்தம் இருந்தாலே கறுப்பர் என்று விதி இருந்தது. பூர்வகுடிக்கு மட்டும் கலக்கக் கலக்கக் குறையும் கணக்கு. ஏன்? அடிமைகளின் எண்ணிக்கை கூடினால் முதலாளிக்கு லாபம், நிலத்துக்கு உரிமை கோருபவர்களின் எண்ணிக்கை குறைந்தால் அரசுக்கு லாபம். இரண்டு கணக்கும் ஒரே பேனாவில் எழுதியதுதான்.

இன்று உறுப்பினர் விதியை ஒவ்வொரு பழங்குடி அரசும் தானே வைத்துக்கொள்கிறது. சிலர் கால் பங்கு கேட்கிறார்கள், செரோக்கி நேஷன் பங்கே கேட்பதில்லை, பழைய டாஸ் பட்டியலில் இருக்கும் ஒருவரின் நேர்வழி வாரிசாக இருந்தால் போதும். நியூசிலாந்திலும் பாதி ரத்தம் என்ற சட்ட அளவுகோல் இருந்தது, 1974-இல் அதை எடுத்துவிட்டு வாரிசாக இருந்தால் போதும் என்று மாற்றினார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சரி, டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா விஷயம் முடிஞ்சுது இல்ல?

முடியாது. நீங்கள் பத்துத் தலைமுறை பின்னால் போனால் முன்னோர் இடங்கள் 1,024 வரும். அதில் கணிசமானவர்களிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டு டிஎன்ஏகூட வந்திருக்காது, உயிரியல் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆக உண்மையான வாரிசுக்குப் பரிசோதனையில் பூஜ்யம் வரலாம். மறுபக்கம், நிறுவனங்கள் ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிகளில் வட அமெரிக்கப் பூர்வகுடிகள் மிகக் குறைவு, எந்தச் சமூகம் என்றெல்லாம் அதை வைத்துச் சொல்ல முடியாது.

2018-இல் அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் பரிசோதனை முடிவை வெளியிட்டார், ஆறு முதல் பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒரு பூர்வகுடி முன்னோர் இருந்திருக்கலாம் என்று அது சொன்னது. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்திருப்பார். செரோக்கி நேஷன் வெளிப்படையாகக் கண்டித்தது, குடியுரிமையை ஆய்வகம் தராது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். அடுத்த வருடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

கல்யாணம் பண்ணதால ஒருத்தரோட பூர்வகுடி அடையாளம் போயிடுமா?

கனடாவில் போனது, அதுவும் பெண்களுக்கு மட்டும். 1876-இன் இந்தியன் சட்டமும் (இங்கே 'இந்தியன்' என்றால் பூர்வகுடி) அதன் வழியில் வந்த சட்டங்களும் சொன்னது இது: பூர்வகுடி ஆண் வெளிப் பெண்ணை மணந்தால் அவளுக்கும் சட்டப்படியான பூர்வகுடி அந்தஸ்து வரும். பூர்வகுடிப் பெண் வெளி ஆணை மணந்தால் அவளுடையதும் போகும், பிள்ளைகளுக்கும் கிடையாது, பிறந்த ஊரில் வாழும் உரிமையும் இல்லை. கல்யாணம் மட்டும் இல்லை, ஒரு காலத்தில் பட்டப்படிப்பு முடித்தாலும், வக்கீலோ பாதிரியாரோ ஆனாலும் அந்தஸ்தை எடுக்கலாம் என்று இருந்தது. படித்துவிட்டால் பூர்வகுடி இல்லை என்று சட்டமே சொன்ன நாடு அது.

சாண்ட்ரா லவ்லேஸ் என்ற மாலிசீட் பெண் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார். 1981-இல் அவருக்குச் சாதகமான முடிவு வந்தது, 1985-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் திருத்தத்திலேயே இன்னொரு கண்ணி வைத்தார்கள்: இரண்டு தலைமுறை தொடர்ந்து அந்தஸ்து இல்லாதவரை மணந்தால் மூன்றாம் தலைமுறைக்கு அந்தஸ்து இல்லை. ரத்தம் என்ற சொல் எங்கேயும் இல்லை, ஆனால் கணக்கு மேலே சொன்ன அமெரிக்கக் கணக்குதான்.

ஜீன்ஸ் போட்டுக்கிட்டு, இங்கிலீஷ் பேசிக்கிட்டு, போன் வெச்சிருக்கறவங்க எப்படிப் பூர்வகுடி ஆவாங்க?

நூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் கொள்ளுத்தாத்தா உடுத்தியதை நீங்கள் உடுத்துவதில்லை, அதனால் உங்கள் சொத்து உரிமை போய்விட்டதா? மற்ற எல்லோருக்கும் மாறுவது வளர்ச்சி, இவர்களுக்கு மட்டும் மாறினால் தகுதி இழப்பு.

இதைக் கிண்டல் என்று விட்டுவிட முடியாது, தீர்ப்பாகவே வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் மர்ரே ஆற்றங்கரை நிலத்துக்கு உரிமை கோரிய வழக்கில், பாரம்பரியத் தொடர்ச்சியை 'வரலாற்றின் அலை' அடித்துக்கொண்டு போய்விட்டது என்று 1998-இல் நீதிபதி சொன்னார், 2002-இல் உயர்நிலை நீதிமன்றமும் கோரிக்கையை நிராகரித்தது. அவர்களின் முன்னோர்கள் 1881-இல் பயிர் செய்து பிழைக்க நிலம் கொடுங்கள் என்று ஆளுநருக்கு மனு போட்டிருந்தார்கள். அந்த மனுவே பழைய வாழ்க்கையை விட்டுவிட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது! நிலத்தைப் பிடுங்கியவர்களிடம் நிலம் கேட்டது குற்றம் மாதிரி ஆகிவிட்டது. இந்தியாவில் 1965-இன் லோகூர் குழு பட்டியல் பழங்குடிகளுக்கு வைத்த அளவுகோல்களிலும் 'ஆதிகால இயல்புகள்', 'வெளியாருடன் பழகக் கூச்சம்' எல்லாம் உண்டு. கூச்சம் போய்விட்டால் என்ன செய்வது என்று அதில் சொல்லவில்லை.

சொந்த ஊரை விட்டு வேற இடத்துக்குப் போயிட்டா?

அசாம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் சந்தால், முண்டா, ஓராவோன் மக்களின் முன்னோர்களை 19-ஆம் நூற்றாண்டில் தோட்ட முதலாளிகள் சோட்டாநாக்பூர் பக்கத்திலிருந்து கூட்டிப்போனார்கள். ஜார்க்கண்டில் இருக்கும் அவர்கள் உறவுக்காரர்கள் பட்டியல் பழங்குடி, இவர்கள் அசாமில் பட்டியலில் இல்லை, ஏனென்றால் இந்தியாவில் பட்டியல் மாநிலவாரியானது. அசாமின் மற்ற பூர்வீகச் சமூகங்களில் பலர் இவர்களைச் சேர்ப்பதை எதிர்க்கிறார்கள், இருக்கிற பங்கு குறையும் என்ற பயம். அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை உருவாக்கியது இந்த இரண்டு தரப்பும் இல்லை.

சுய அடையாளம்தான் அளவுகோல்னா, நாளைக்கு நானும் பூர்வகுடின்னு சொல்லிக்கலாமே?

சொல்லலாம், சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் முழுமையாகவோ பகுதியாகவோ பூர்வகுடி என்று பதிந்தவர்கள் 52 லட்சம், 2020-இல் 97 லட்சம். பத்து வருடத்தில் அத்தனை குழந்தைகள் பிறக்கவில்லை, கேள்வி கேட்ட விதமும் குறித்துக்கொண்ட விதமும் மாறியது, பதில் சொல்பவர்களின் மனமும் மாறியது. பிரேசிலிலும் 2010-இல் சுமார் 9 லட்சமாக இருந்தது 2022-இல் 16.9 லட்சம். ஆனால் பிரேசில் ஏற்றத்தை மோசடி என்று தள்ளிவிட முடியாது. வடகிழக்கில் பல சமூகங்கள் தலைமுறைகளாக அடையாளத்தை மறைத்து வாழ்ந்தவை, சொன்னால் அடி விழும் என்ற காலம் போனதும் வெளியே வருகின்றன.

அதனால்தான் பல இடங்களில் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்: வம்சாவளி, சுய அடையாளம், சமூகத்தின் ஏற்பு. ஆஸ்திரேலியாவில் 1980-களிலிருந்து இதுதான் நடைமுறை, கனடா உச்ச நீதிமன்றம் 2003-இல் பௌலி வழக்கில் மேட்டீ மக்களுக்கும் (பூர்வகுடிகளும் ஐரோப்பியர்களும் கலந்து உருவான சமூகம்) இதையே சொன்னது. வேலைக்காகவோ விருதுக்காகவோ பொய் சொல்பவர்கள் பெரும்பாலும் மாட்டுவது மூன்றாவதில்தான், அவர்களைத் தெரிந்த ஒரு சமூகமும் இருக்காது. அமெரிக்காவில் போலியாகப் பூர்வகுடிக் கலைப்பொருள் என்று சொல்லி விற்றால் 1990-இன் சட்டப்படி முதல் தடவைக்கே தனிநபருக்கு 2.5 லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. பேராசிரியர் பதவிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

பிறப்பை வெச்சு சலுகை குடுக்கறது இனவாதம் இல்லையா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல், பூர்வகுடிகளுக்கு அரசு வேலையில் தந்த முன்னுரிமை பற்றிய மார்ட்டன் எதிர் மங்காரி வழக்கில் ஒருமனதாகச் சொன்ன பதில்: இது இன வகைப்பாடு இல்லை, அரசியல் வகைப்பாடு. ஒப்பந்தம் போட்ட ஒரு அரசின் குடிமக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் உள்ள உறவு இது. எனக்கு இந்தப் பதில் பிடித்தது, ஆனால் அந்த வழக்கிலேயே வேலை முன்னுரிமைக்கு உறுப்பினர் பதிவோடு கால் பங்கு ரத்தமும் கேட்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இனம் இல்லை என்று சொல்லிக்கொண்டே ரத்தம் கேட்டார்கள்.

சின்ன வயசுலயே அரசாங்கம் தூக்கிட்டுப் போய் வெளியில வளத்த குழந்தைங்க? அவங்களை எந்தச் சமூகம் ஏத்துக்கும்?

மேலே சொன்ன மூன்று அளவுகோல்கள் மிகவும் வலிக்க வைப்பது இவர்களைத்தான். ஆஸ்திரேலியாவில் சுமார் 1910 முதல் 1970 வரை அபாரிஜினல் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள், பெயர் மாற்றப்பட்டது, பதிவுகள் பல இல்லை. வளர்ந்து திரும்பி வரும்போது, உங்கள் சமூகம் உங்களை அறிந்திருப்பதாகக் கடிதம் கொண்டு வாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டால் எங்கே போவார்கள்? கடிதம் கேட்கும் அரசேதான் பிரித்தது. சில இடங்களில் மூத்தவர்களின் நினைவையும் கோப்புகளையும் கோத்து உறவைக் கண்டுபிடித்துச் சேர்க்கிறார்கள், ஆனால் கண்டுபிடிக்க முடியாமலே போனவர்களும் உண்டு. இவர்களுக்கு வம்சாவளியும் சுய அடையாளமும் போதும், ஏற்பு பிறகு வரட்டும் என்பது என் கருத்து. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

சமூகமே முடிவு பண்ணட்டும்னு சொல்றீங்க. அந்தச் சமூகமே அநியாயம் பண்ணா?

பண்ணியிருக்கிறது. செரோக்கி நேஷன் அடிமைகளை வைத்திருந்தது. அமெரிக்க அரசுடன் போட்ட 1866 ஒப்பந்தத்தில், விடுதலையான அந்த அடிமைகளுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் உரிமை உறுதி செய்யப்பட்டது. ஆனால் டாஸ் பட்டியல் எடுத்தவர்கள் அவர்களைத் தனிப் பட்டியலில் போட்டார்கள், செரோக்கி முன்னோர் இருந்தவர்களையும் சேர்த்து, ரத்தப் பங்கு எழுதாமல். அந்தப் பழைய தாளைக் காட்டி 2007-இல் வாக்கெடுப்பு நடத்தி சுமார் 2,800 பேரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது, 2021-இல் செரோக்கி உச்ச நீதிமன்றமே 'ரத்தத்தால்' என்ற சொல்லைத் தங்கள் அரசியலமைப்பிலிருந்து நீக்கியது. சாந்தா கிளாரா புவேப்ளோ என்ற இன்னொரு அமெரிக்கப் பூர்வகுடிச் சமூகத்தில் வெளியே மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் இருந்தது, ஆணின் பிள்ளைகளுக்கு இருந்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்தது.

அப்போ கோர்ட் தலையிடலாமா கூடாதா? ஒரு பக்கம் சொல்லுங்க.

ஒரு பக்கம் சொல்ல முடிந்தால் இந்தக் கேள்வி கடைசியில் வந்திருக்காது. லவ்லேஸ் வழக்கை முடிவு செய்த அதே ஐ.நா. குழு, சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் அதே 27-ஆவது பிரிவை வைத்து, 2019-இல் பின்லாந்து வழக்கில் வேறு பக்கம் நின்றது. அங்கே சாமி நாடாளுமன்றத்தின் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்துச் சாமிகளால் நிராகரிக்கப்பட்ட பலரை 2015-இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தானே சேர்த்துவிட்டது. அது சாமிகளின் உரிமையை மீறியது என்று குழு சொன்னது.

முரண்பாடு மாதிரி தெரிகிறது, ஆனால் இரண்டிலும் சமூகத்துக்குள் யார் என்று முடிவு செய்தது வெளி அரசு. கனடாவில் அரசு ஒருவரை வெளியே தள்ளியது, பின்லாந்தில் பலரை உள்ளே தள்ளியது. சாந்தா கிளாரா மாதிரி சமூகமே தன் பெண்ணைத் தள்ளும் வழக்கு இந்த இரண்டிலும் அடங்காது. அங்கே நான் அந்தப் பெண்ணின் பக்கம். ஆனால் விதியை மாற்ற வேண்டியவர்கள் அந்தச் சமூகத்துப் பெண்களும் ஆண்களும்தான், வாஷிங்டன் நீதிபதிகள் இல்லை. அதற்குள் ஒரு தலைமுறை வெளியிலேயே நிற்க வேண்டியிருக்கும் என்று நீங்கள் சொன்னால், ஆமாம், நிற்க வேண்டியிருக்கும், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.